கோணி ஊசியால் தைத்த கல்கி

பரணைச் சுத்தம் செய்தபோது இன்று பாட்டியின் பைண்டு புத்தகம் கைக்குக் கிடைத்தது.

கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வன். வாராவாரம் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் பாட்டியே தைத்தது. அட்டைக்குப் பழைய காலண்டர்.

மணியம் வரைந்த குந்தவையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மனம் போனதெல்லாம் தொடரோடு சேர்ந்து வந்துவிட்ட பின்பக்கங்களில்தான். ஒரு தைல விளம்பரத்தின் பாதி. ஒரு சிறுகதையின் கடைசிப் பத்தி. அதில் ஒருவர் ரயிலைத் தவறவிட்டு நடைமேடையில் நிற்கிறார். ஏன் தவறவிட்டார் என்பது பாட்டி கிழிக்காத பக்கத்தில் இருந்திருக்கும்.

சிறுவயதில் அவருக்கு நானும் அக்காவும் எத்தனை முன்கதைகள் கட்டியிருப்போம்!

எங்கள் காலத்திலும் கல்கி வந்துகொண்டிருந்தது. முதல் உரிமை பாட்டிக்கு, அடுத்து அம்மாவுக்கு. எங்கள் கைக்கு வருவதற்குள் தாளில் சமையலறை வாசனை ஏறியிருக்கும். ஒரே பிரதியை ஆறு பேர் படித்தோம். இரவுச் சாப்பாட்டின்போது ஆறு பேருக்கும் பேச ஒரே கதை இருந்தது. குடும்பப் பத்திரிகை என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் அதுதான்.

1941-இல் தொடங்கிய இதழ், 2020-இல் அச்சில் நின்றது. அதைக் கேட்கப் பாட்டி இல்லை.

அந்த ரயில் பக்கத்தைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

"இன்னும் அங்கேயேதான் நிற்கிறாரா?" என்று பதில் வந்தது.