பாப், ஜில், ஒரு பியூக் கார்

23 பேர். ஜொனதன் வைன்பெர்க், ஷான் நிக்கோல்ஸ், ஸ்டீபன் ஸ்டிச் என்ற மூன்று தத்துவப் பேராசிரியர்கள் 2001-ல் வெளியிட்ட கட்டுரையில் 'இந்தியத் துணைக்கண்டத்தினர்' என்ற கட்டத்துக்குள் இருந்த தலைகள் அவ்வளவுதான். எல்லாரும் நியூ ஜெர்சி ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள். 14 பேர் ஒரு பக்கம் டிக் அடித்தார்கள், 9 பேர் இன்னொரு பக்கம். இதை வைத்து, ஒருவனுக்கு ஒன்று 'தெரியும்' என்று எப்போது சொல்லலாம் என்பதில் மேற்கே ஒரு கணக்கு, நம் பக்கம் வேறு கணக்கு என்று ஒரு பேச்சு கிளம்பி, அறிவு என்றால் என்ன என்று ஆராயும் அறிவாய்வியல் வட்டாரத்தில் பல வருடம் ஓடியது.

என் பிழைப்பு சர்வே. சோப்பு, டீத்தூள், சீரியல், தேர்தல் என்று எது வந்தாலும் ஆட்களை வீடு வீடாக அனுப்பி, அவர்கள் நிஜமாகவே போனார்களா என்று பேக்-செக் செய்கிற வேலை. 23 பேரைக் கேட்டுவிட்டு ஒரு ஊறுகாய் கம்பெனி முதலாளியிடம் போய், "தென்மாவட்டத்தில் உங்கள் மாவடு எடுபடாது சார்" என்று சொன்னால், காபி கூடக் கொடுக்காமல் அனுப்பிவிடுவார். தத்துவப் பேராசிரியர்கள் நல்ல மனிதர்கள்.

விஷயம் 1963-ல் தொடங்குகிறது. டெட்ராய்ட்டில் வேலை பார்த்த தத்துவ ஆசிரியர் எட்மண்ட் கெட்டியர், 'அனாலிசிஸ்' இதழில் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றை நம்புகிறாய், அது உண்மையாகவும் இருக்கிறது, நம்புவதற்குத் தக்க காரணமும் உன்னிடம் இருக்கிறது. அப்படியானால் அது உனக்குத் தெரியும். இந்த வரையறை போதாது என்றார் அவர். மூன்றும் பொருந்தியும் குருட்டு அதிர்ஷ்டத்தால் மட்டுமே சரியாகிப்போகிற கதைகள் இரண்டைச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் பெரிதாக எதுவும் வெளியிடவில்லை. 2021-ல் இறந்தார். அந்த மூன்று பக்கத்துக்கு மறுப்பும் திருத்தமும் எழுதியே வாழ்நாளை ஓட்டியவர்கள் எத்தனையோ பேர்.

அந்த வகைக் கதை ஒன்றைத்தான் 2001-ல் மாணவர்களிடம் கொடுத்தார்கள். பாபின் தோழி ஜில் பல வருடமாக பியூக் கார் ஓட்டுகிறாள். அதனால் அவளிடம் இருப்பது அமெரிக்க கார் என்று பாப் நினைக்கிறான். அந்த பியூக் திருடுபோனதும், அவள் பான்டியாக் வாங்கியதும் அவன் காதுக்கு வரவில்லை. பான்டியாக்கும் அமெரிக்க கார்தான். ஆக, அவள் அமெரிக்க கார் ஓட்டுகிறாள் என்பது பாபுக்கு உண்மையிலேயே தெரியுமா, சும்மா நம்புகிறானா? மேற்கத்திய மாணவர்களில் 26 சதவீதம் 'தெரியும்' என்றார்கள். நம்மவர்களில் 61 சதவீதம்.

இதை எங்கள் டீமில் சீனியரான ஒரு அக்காவிடம் தமிழில் படித்துக் காட்டினேன். பதில் ஆப்ஷன்களைக் காட்டும் ஷோகார்டு பிடித்தே கை தேய்ந்தவர். கேட்டு முடித்ததும், "கார் திருடு போனதைக்கூட சொல்லல, இவ என்ன ஃபிரண்டு?" என்றார். இரண்டு ஆப்ஷனையும் திரும்பச் சொன்னேன். "பாவம் அந்தப் பையன். தெரியும்னே போட்டுக்கோ."

ஃபீல்டில் இது தினமும் நடப்பதுதான். நாம் ஒன்றைக் கேட்போம். அவர்கள் கதையில் வரும் ஆளுக்குப் பதில் சொல்வார்கள். போதாததற்கு ஆப்ஷனிலேயே 'உண்மையிலேயே' என்று அழுத்தியிருக்கிறது. சைமன் கல்லன் 2010-ல் அந்த அழுத்தத்தை எடுத்துவிட்டு, தெரியும், தெரியாது என்று மட்டும் வைத்துக் கேட்டுப் பார்த்தார். 'தெரியும்' என்றவர்கள் கூடினார்கள்.

பிறகு 2015-ல் ஹமீத் செய்யத்சயம்தோஸ்த் தனியாகவும், மின்சன் கிம், யுவான் யுவான் இருவரும் சேர்ந்தும் பழைய கேள்வியை மறுபடி கேட்டார்கள். கிழக்கு மேற்கு வித்தியாசம் வரவே இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அடுத்தது. 'நூஸ்' இதழில் 2017-ல் ஒரு கட்டுரை: பிரேசில், இந்தியா, ஜப்பான், அமெரிக்கா நான்கு இடத்திலும் கேட்டிருக்கிறார்கள், கெட்டியர் கதையின் நாயகனுக்குத் 'தெரியும்' என்று ஒப்புக்கொள்ளப் பெரும்பாலானவர்கள் எல்லா இடத்திலும் தயங்கினார்கள். எடுவார் மஷேரி, அமிதா சட்டர்ஜி, ஸ்மிதா சிர்க்கர் என்று போகும் எழுத்தாளர் பட்டியலில் ஸ்டீபன் ஸ்டிச் பெயரும் இருக்கிறது. அதே ஸ்டிச். தன் பெயரில் ஓடிய பேச்சைத் தானே போய்ச் சோதித்து, எதிராக வந்ததையும் கையெழுத்திட்டு வெளியிட்டிருக்கிறார். எங்கள் தொழிலில் இப்படி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை.

உண்மையில் இந்தியர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது என்று சொன்னதே வேடிக்கை. எட்டாம் நூற்றாண்டு பௌத்தத் தர்க்கவாதி தர்மோத்தரர், இறைச்சி சுட அப்போதுதான் மூட்டிய நெருப்பைச் சொல்கிறார். இன்னும் புகை எழவில்லை. வாசனைக்குப் பூச்சிக்கூட்டம் மொய்க்கிறது. தூரத்தில் இருப்பவன் அதைப் புகை என்று எண்ணி, 'அங்கே நெருப்பு' என்கிறான். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது, ஆனாலும் அது அறிவு ஆகாது என்கிறார். கெட்டியருக்கு ஆயிரத்துச் சொச்சம் வருடம் முந்தைய சரக்கு.

2024-ல் வந்ததுதான் பெரிய சர்வே: 19 பிரதேசங்கள், 4,724 பேர், மூன்று கதைகள். அதிர்ஷ்டத்தில் சரியானவனைவிட, ஒழுங்காக அறிந்தவனுக்கு 'தெரியும்' என்று சொல்லும் வாய்ப்பு 1.86 மடங்கு அதிகம். ஆக, கெட்டியரின் உள்ளுணர்வு பல ஊரிலும் இருக்கிறது. ஆனால் அதன் அளவு கதைக்குக் கதை மாறுகிறது. கதையில் வரும் ஆள் எப்படிப்பட்டவர் என்பதுகூடப் பதிலைத் தள்ளக்கூடும் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். இதை அக்காவிடம் சொன்னேன். "இதுக்கு அத்தனை பேரைக் கேட்கணுமா?" என்றார்.

கேட்கணும்தான். என்னிடம் இந்த வேலை வந்தால் டிக் பாக்ஸுக்குக் கீழே இரண்டு கோடு விட்டு, "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று ஒரு ஓப்பன்-எண்ட் சேர்ப்பேன். எழுதிய பதில்களை வகை பிரிக்கிற கோடிங்குக்குத் தனி பட்ஜெட் வேண்டும், அது வேறு விஷயம்.