53 பல் கௌரவம்

ரோடு பைக் ஓட்டுகிறவர்களிடம் வயதைக் கேட்கலாம், சம்பளத்தைக்கூடக் கேட்டுவிடலாம். ஆனால் முன்னால் இருக்கும் பெரிய பல் சக்கரத்தைக் குறைக்கப்போகிறேன் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. எங்கள் சைக்கிள் குழுவில் நான் சொன்னேன். அன்று மாலையே விசாரிப்புகள் தொடங்கிவிட்டன. முழங்கால் ஸ்கேன் எடுத்தாயிற்றா? சர்க்கரை எவ்வளவு? கடைசியாக எப்போது ரத்த அழுத்தம் பார்த்தீர்கள்? ஒருவர், தனக்குத் தெரிந்த மூட்டு மருத்துவரின் எண்ணையே அனுப்பிவைத்தார்.

விஷயம் இவ்வளவுதான். என் பைக்கில் முன்னால் 53 பல், 39 பல் என்று இரண்டு சக்கரங்கள். முன்னால் பல் கூடினால் வேகம், குறைந்தால் மலை ஏறுவது இலகு. பின்னால் எட்டு, 12 பல்லிலிருந்து 25 பல் வரை. என் மைத்துனர் சிங்கப்பூரில் வேலை முடித்துத் திரும்பும்போது கொண்டுவந்து, ஆறு மாதம் துணி காயப்போடப் பயன்படுத்திவிட்டு, என்னிடம் தள்ளிவிட்ட வண்டி அது. 1990களின் நடுவில் செய்த எஃகு வண்டி. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. அங்கே அவருக்கு 53 பல் ஒரு பிரச்சினையே இல்லை. சிங்கப்பூரின் மிக உயரமான குன்றான புக்கிட் தீமாவே 160 சொச்சம் மீட்டர்தான். நான் இருப்பது சேலத்தில். இங்கே ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் எடுத்தால் போகிற இடம் ஏற்காடு. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள்.

அந்த வளைவுகளில் முன்னால் 39, பின்னால் 25 என்ற கடைசி கியரைப் போட்டுக்கொண்டு நான் ஏறுவதைப் பார்த்தவர்கள், அதை ஓட்டுதல் என்று சொல்லத் தயங்குவார்கள். மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு நாற்பது சுற்று. ஒவ்வொரு மிதியும் ஒரு தனி முடிவு. சுற்றுலா வந்த குடும்பங்கள் காரின் கண்ணாடியை இறக்கி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போகும். குரங்குகள்கூட என் பையைப் பிடுங்க ஓடி வருவதில்லை. நடந்தே வரும்.

குழுவில் தீர்வுகளுக்குப் பஞ்சமில்லை. பயிற்சியைக் கூட்டு என்றார் ஒருவர். அவர் வயது 24. எடையைக் குறை என்றார் இன்னொருவர். அவரோடு அதற்குப் பிறகு நான் அதிகம் பேசுவதில்லை. முன்னால் மூன்று சக்கரம் போடலாம் என்றார் மூன்றாமவர். அது நல்ல யோசனைதான். ஆனால் மூன்று சக்கரம் என்றால் இடது கைப்பிடியின் கியர் மாற்றி, செயினைப் பல்லுக்குப் பல் தள்ளிவிடும் முன் டிரெயிலியர், நீளமான கூண்டு உள்ள பின் டிரெயிலியர், அச்சு என்று எல்லாமே புதிதாக வாங்க வேண்டும். கடைசியில் பழைய வண்டியில் மிஞ்சுவது மணி மட்டுமே. பின்னால் பெரிய கேசட், அதாவது பெரிய பல் சக்கர அடுக்கு, போடு என்றார் நாலாமவர். சிக்கனமான வழி. ஆனால் அந்தக் காலத்துக் குட்டைக் கூண்டு டிரெயிலியர்கள் பெரும்பாலும் 26 முதல் 28 பல் வரைதான் ஏற்கும். அதற்கு மேல் போனால் கூண்டின் உருளை சக்கரத்தோடு உரசும்.

மீதி இருந்தது காம்பாக்ட் கிராங்க்செட். பெடல் மாட்டும் கைகளும் (அதுதான் கிராங்க்) முன் பல் சக்கரங்களும் சேர்ந்த தொகுதியில் சிறிய வகை. முன்னால் 50, 34. அதைச் சொன்னதும்தான் மூட்டு மருத்துவர் எண் வந்தது.

“தொழில்முறை வீரர்கள் யாரும் காம்பாக்ட் தொடமாட்டார்கள்” என்று ஒருவர் தீர்ப்பு எழுதினார். அமெரிக்க சைக்கிள் வீரர் டைலர் ஹாமில்டன் 2003 டூர் டி பிரான்ஸில் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலும் காம்பாக்ட் போட்டுக்கொண்டுதான் ஓட்டினார், ஒரு கட்டத்தை வெல்லவும் செய்தார் என்று பதில் எழுதினேன். அவர் பின்னாளில் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டவராயிற்றே என்று உடனே ஒருவர் மடக்கினார். எனக்குக் காம்பாக்ட் மட்டும் போதும், மற்றதை நான் கேட்கவில்லை என்று முடித்துக்கொண்டேன்.

வீட்டில் விவாதம் இதைவிடச் சுருக்கமாக நடந்தது. என் மனைவி வங்கியில் வேலை பார்க்கிறாள். எந்தச் செலவுக்கும் முன்னால் கணக்குக் கேட்பாள். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் அவளே போட்டாள்.

“டயர் ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம்?”

“2.1 மீட்டர்.”

“நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால், 53க்கு 12 கியரில் மணிக்கு 50 கிலோமீட்டர். 50க்கு 12 என்றால் 47. அப்படியானால் நீங்கள் இழப்பது மணிக்கு மூன்று கிலோமீட்டர்.”

“ஆமாம். அதைத்தான் எல்லாரும் பெரிய இழப்பு என்கிறார்கள்.”

“நீங்கள் எப்போது 47இல் போனீர்கள்?”

ஒருமுறை நாய் துரத்தியபோது என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அவள் கீழே இன்னொரு வரி எழுதியிருந்தாள்: 39ஐ 25ஆல் வகுத்தால் 1.56, 34ஐ 25ஆல் வகுத்தால் 1.36. மலையில் கிட்டத்தட்ட 13 சதவீதம் இலகு. “ஆண்டுக்கு 13 சதவீதம் எந்த வங்கியும் தராது, வாங்கிக்கொள்ளுங்கள்” என்று நோட்டை மூடிவிட்டாள். குழுவில் பல நாள் ஓடிய விவாதம் இங்கே குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் முடிந்தது.

பணம் அனுமதியானது. அதற்குப் பிறகு தொடங்கியது அளவெடுக்கும் காண்டம்.

இருக்கிற கிராங்கிலேயே 39ஐக் கழற்றிவிட்டு 34ஐப் போட்டால் என்ன என்று எல்லாருக்கும் முதலில் தோன்றும். முடியாது. பல் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஐந்து போல்ட்களும் ஒரு வட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த வட்டத்தின் விட்டம் பழைய ரோடு கிராங்குகளில் பெரும்பாலும் 130 மில்லிமீட்டர். அதில் 38 பல்லுக்குக் கீழே எந்தச் சக்கரமும் உட்காராது. போல்ட் இருக்கும் இடத்துக்குச் செயின் வந்துவிடும். காம்பாக்ட்டில் அந்த விட்டம் 110. ஐந்து கை உள்ள கிராங்கில் விட்டத்தை நேராக அளக்க வழியில்லை, எதிரெதிரே போல்ட் இருக்காது. பக்கத்துப் பக்கத்துப் போல்ட்களின் மையத்துக்கு மையம் அளக்க வேண்டும். 76.4 மில்லிமீட்டர் வந்தால் 130, 64.7 வந்தால் 110. மகளின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு தரையில் படுத்து அளந்தேன். 76 சொச்சம். ஸ்கேலில் கிரீஸ் ஒட்டியதற்கு வந்த வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அடுத்தது, இரண்டு கிராங்கும் மாட்டியிருக்கும் அச்சு. இந்த வண்டியில் இருப்பது சதுர முனை அச்சு. இதில் ஜப்பானிய அளவு ஒன்று, ஐஎஸ்ஓ அளவு ஒன்று. இரண்டுக்கும் சரிவு ஒன்றுதான், முனையின் பருமன் வேறு. மாற்றிப் போட்டால் கிராங்க் சில மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ போய் உட்காரும். பார்த்தால் தெரியாது, ஓட்டினால் தெரியும். அச்சின் நீளமும் கிராங்குக்குக் கிராங்க் மாறும். என் பழைய அச்சு 115 மில்லிமீட்டர். நான் கண் வைத்திருந்த வெள்ளி நிறக் காம்பாக்டுக்கு அதைச் செய்தவர்கள் கேட்பது 110. அதே அச்சில் மாட்டினால் பக்கத்துக்கு 2.5 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். இரண்டு பல் சக்கரங்களுக்கும் நடுவிலான கோடு, வண்டியின் நடுக்கோட்டிலிருந்து 43.5 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும் என்பது சாத்திரம். அதனால் அச்சும் தாங்கிகளும் சேர்ந்த பாட்டம் பிராக்கெட்டும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. இந்த 2.5 மில்லிமீட்டரை மனைவிக்கு விளக்கும்போது, வீட்டுக் கடனுக்கு விண்ணப்பம் போடுகிறவரைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தாள்.

தாங்கிகள் சட்டகத்துக்கு வெளியே உட்காரும் நவீனக் கிராங்க் வாங்கியிருந்தால் இந்த அச்சு நீளக் கவலையே இல்லை. 24 மில்லிமீட்டர் குழாய் அச்சு கிராங்கோடு சேர்ந்தே வருகிறது, 68 மில்லிமீட்டர் ஆங்கில மரை உள்ள பழைய சட்டகத்திலும் பொருந்தும். புத்தியுள்ளவர்கள் அதைத்தான் வாங்குவார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கிடைத்ததெல்லாம் கன்னங்கரேல் என்று, மெல்லிய எஃகுக் குழாய்களுக்கு நடுவே உரல் வைத்த மாதிரி இருந்தது. வெள்ளியையே வாங்கினேன். கிராங்கின் நீளம் 170ஆ 172.5ஆ என்று குழுவில் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். பழையது 170, புதியதும் 170. அந்தத் தேர்தலில் நான் வாக்களிக்கவில்லை.

மாட்டுவதற்குப் பேட்டைப் பக்கம் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் போனேன். என் அப்பாவின் சைக்கிளுக்கே ஓவராயில் செய்தவர். அவர் கையில் நமது ஊர்ச் சைக்கிள்கள் ஆயிரக்கணக்கில் போயிருக்கும். பெட்டியைத் திறந்தார், சுத்தியலை எடுத்தார், கிராங்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“காட்டர் பின் எங்கே தம்பி?”

“இதில் பின் கிடையாது ஐயா.”

“பின் இல்லாமல் எதை அடிப்பது?”

நமது ஊர்ச் சைக்கிள்களில் கிராங்கை அச்சோடு பிடித்திருப்பது, சுத்தியலால் அடித்து இறக்கும் அந்த ஆணிதான். அவர் வருத்தம் உண்மையானது. சுத்தியலைத் திரும்ப வைத்துவிட்டு, கிராங்கை இழுத்துக் கழற்ற நான் வாங்கிக்கொண்டு போயிருந்த புல்லர் என்ற கருவியைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். கிராங்க் போல்ட்டைக் கழற்றியதும் கருவியை மாட்ட விடவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, மரையின் உள்ளே இருபத்தைந்து ஆண்டு அழுக்கை முதலில் எடுத்தார். பாதி மரையில் புல்லரை மாட்டி முறுக்கினால் அலுமினிய மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும், பிறகு கிராங்கை எடுக்க ரம்பம்தான் கதி. யாரும் சொல்லாமலே அது அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசி மரை வரை விரலாலேயே ஏற்றி, பிறகுதான் ஸ்பானரைப் போட்டார். ‘டக்’ என்று ஒரு சத்தம். கிராங்க் கையோடு வந்தது.

இதற்குள் எதிர்க்கடையில் டீ குடித்தவர்கள் கண்ணாடி டம்ளரோடு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். வலது பக்கத்துப் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றும்போது பெரியவர் ஸ்பானரை வலஞ்சுழியாகத் திருப்பத் தொடங்கினார். கூட்டம் பதறியது. “இறுக்குகிறீர்கள் ஐயா, இறுக்குகிறீர்கள்!” லாரி பட்டறைக்காரர் ஒருவர், தான் வாழ்நாளில் பார்த்த அத்தனை போல்ட்களின் பெயராலும் எச்சரித்தார். பெரியவர் நிமிரவே இல்லை. பெடலில் இடது பக்கம் எந்த மரை என்று மட்டும் கேட்டார். இடது மரை, அதாவது வலஞ்சுழியாகத் திருப்பினால் கழல்வது. மிதிக்க மிதிக்கக் கழன்றுவிடக் கூடாது என்று வைத்தது. இங்கே அதே காரணத்துக்காக வலது பக்கம் இடது மரை. ஸ்பானரின் வாலில் ஒரு குழாயைச் செருகி ஓர் அழுத்து அழுத்தினார். கழன்றது. லாரி பட்டறைக்காரர் தன் டீயை முடித்துவிட்டு, வேறு வேலை இருப்பதாகச் சொல்லிப் போனார். இத்தாலிய மரை என்றால் இரண்டு பக்கமும் சாதாரண மரைதான், அவர் சொன்னது சரியாக இருந்திருக்கும். அதைச் சொல்லி ஆறுதல் படுத்த ஆள் இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் சில்லறை வேலை. பெரிய சக்கரத்தில் மூன்று பல் குறைந்ததால் அதன் விளிம்பு ஆறு மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டது. முன் டிரெயிலியரையும் அதே அளவு இறக்கி, பல்லுக்கும் கூண்டுக்கும் நடுவே ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வைக்க வேண்டும். பெரியவர் தன் மூக்குத்தூள் டப்பாவின் மூடியை நடுவே வைத்துச் சரிபார்த்தார். செயினில் இரண்டு கண்ணி குறைந்தது. கூலியாக அவர் கேட்ட தொகை, புல்லர் வந்த பார்சலின் தபால் செலவைவிடக் குறைவு.

மலையில் வித்தியாசம் தெரிந்தது. அதே எட்டு கிலோமீட்டர் வேகம்தான், ஆனால் கால் நாற்பதுக்குப் பதில் நாற்பத்தேழு சுற்று சுற்றுகிறது. வளைவுகளில் உட்கார்ந்தே ஏற முடிகிறது. கார்க்காரர்கள் இப்போதும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல மூச்சு இருக்கிறது. சமவெளியில் குறையும் உண்டு. 50க்கும் 34க்கும் நடுவே 16 பல் பள்ளம். முன்னால் ஒரு தட்டு தட்டினால் கால் திடீரென்று காற்றில் ஓடுகிறது. பின்னால் உடனே இரண்டு மூன்று கியரை எதிர்ப்பக்கம் மாற்றிச் சமாளிக்க வேண்டும். அவசரப்பட்டால் செயின் உள்பக்கம் விழும். முன் டிரெயிலியரின் உள் எல்லைத் திருகைக் கால் சுற்று இறுக்கியபின் விழவில்லை. ஓமலூர் பக்கம் நேர் சாலையில் ஓட்டுகிறவருக்கு, மலை வாடையே வேண்டாம் என்றால், 39 நிச்சயம் சுகமான சக்கரம்.

பழைய கிராங்கை விற்பனைக்குப் போட்டேன். கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். 53ஐத் தடவிப் பார்த்த பார்வையிலேயே, எங்கள் குழுவில் சேர்க்கலாம் என்று தெரிந்தது. வீடு எங்கே என்று கேட்டேன். ஏற்காடு என்றான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. “தம்பி, இதை வைத்துக்கொண்டு அந்த மலையில் எப்படி ஏறுவீர்கள்?”

“நான் ஏறுவதே இல்லை அண்ணா. காலையில் இறங்கி வருவேன். சாயங்காலம் காபித் தோட்டத்து வேன் திரும்பும்போது சைக்கிளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடுவேன்.”

சேலம் மாவட்டத்திலேயே 53 பல்லுக்குத் தகுதியான ஒரே ஆள் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். பணத்தை வாங்கப் போனவன், ஒரு சந்தேகம் வந்து நிறுத்தினேன். “உங்கள் வண்டியில் அச்சு எத்தனை மில்லிமீட்டர்?”

“அதெல்லாம் பார்க்க வேண்டுமா அண்ணா?”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உள்ளே இருந்து மனைவியின் குரல் வந்தது: “தம்பி, சாப்பிட்டுவிட்டுத்தானே வந்தீர்கள்? நேரமாகும்.”