முதல் யாக்டோ பில்டுக்கு முன்னால்

சிறு கருவிகளுக்கான லினக்ஸை மூலநிரலிலிருந்தே கட்டித் தரும் யாக்டோவில் புதிதாக இறங்குகிறவர்கள், பில்ட் நின்றதும் ரெசிப்பியைத்தான் (ஒரு மென்பொருளைக் கட்டும் வழிமுறைக் கோப்பு) சந்தேகிக்கிறார்கள். ரெசிப்பி அநேகமாக நிரபராதி. வட்டு நிரம்பியிருக்கும், ரேம் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் ரெசிப்பித் தொகுப்புகளான லேயர்கள் ஆளுக்கொரு கிட் கிளையில் நின்றுகொண்டிருக்கும். ரெசிப்பிகளை ஓட்டும் பிட்பேக்கைத் தொடும் முன் கணினிக்கே ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிவிடுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் ஸ்கார்த்கேப், அதாவது யாக்டோ 5.0 பதிப்புக்கு. 2024 ஏப்ரலில் வந்தது, 2028 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. கையேடு கேட்பது 90 ஜிபி காலி இடமும் 8 ஜிபி ரேமும். கருவியில் ஏற்றும் இமேஜ் சின்னதென்றால் அது சரி. க்யூட்டி, குரோமியம் என்று சேர்க்கத் தொடங்கினால் 250 ஜிபி எஸ்எஸ்டியும் 32 ஜிபி ரேமும் இருந்தால்தான் நிம்மதி. கிராஸ் கம்பைலர் (வேறு வகைச் சிப்புக்கு நிரல் தயாரிப்பது), ஜிலிப்சி (சி நூலகம்), பில்டின்போது ஓடும் பைத்தான், சிமேக் உட்பட அத்தனையையும் யாக்டோ மூலநிரலிலிருந்தே கட்டுகிறது. முதல் பில்ட் மணிக்கணக்கில் இழுப்பது அதனால்தான்.

சிங்கப்பூரில் ஃபைபர் இணைப்பு இருக்கும்போது பதிவிறக்கம் ஒரு பொருட்டே இல்லை. வெப்பம்தான் தொல்லை. ஏர்கான் போடாத வீவக (அரசு அடுக்குமாடி) படுக்கையறையில், மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து எட்டு கோரையும் ஓட்டினால், சிபியு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேசையில் வைத்து, பின்பக்கத்தைச் சற்றுத் தூக்கி, மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு இரவில் ஓடவிடுங்கள்.

உபுண்டு 22.04 இருந்தால் சிக்கல் குறைவு. 24.04-இல் ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அமைப்பு, பிட்பேக்குக்குத் தேவையான யூசர் நேம்ஸ்பேஸ் வசதியைத் தடுப்பதால் பிட்பேக் தொடக்கத்திலேயே முறையிட்டு நின்றுவிடும். பிட்பேக்குக்கு ஓர் ஆப்ஆர்மர் புரொஃபைல் எழுதி அனுமதி கொடுக்க வேண்டும். விண்டோஸ்காரர்கள், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யுஎஸ்எல் 2-ஐப் பயன்படுத்தலாம், ஆனால் சி டிரைவுக்குள் பில்ட் செய்யாதீர்கள். அங்கே பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் இல்லை, வேகமும் படுமோசம். லினக்ஸ் பக்கத்து ஹோம் கோப்புறையிலேயே வையுங்கள். டபிள்யுஎஸ்எல்லின் வட்டுக் கோப்பு வளருமே தவிர, உள்ளே கோப்புகளை அழித்தாலும் தானாகச் சுருங்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

தேவையான பொதிகளின் பட்டியலைக் கையேட்டிலிருந்து அப்படியே நகலெடுத்து, உபுண்டுவில் பொதிகளை நிறுவும் ஏப்டிக்குக் கொடுத்தால் போதும். கையால் தட்டச்சு செய்பவர்கள் விட்டுவிடுவது சிஎச்ஆர்பாத், டிஃப்ஸ்டாட், எல்இசட்4 மூன்றையும்தான். டாக்கர் கொள்கலனுக்குள் பில்ட் செய்தால் அமெரிக்க ஆங்கில யுடிஎஃப்-8 லோக்கேலையும் (மொழி அமைப்பு) உருவாக்க வேண்டும். உபுண்டுவின் டாக்கர் இமேஜில் அது இருக்காது. ரூட் பயனராக ஓட்டினால் பிட்பேக் ஒத்துக்கொள்ளாது, அது நல்லதற்கே.

கோப்புறை அமைப்பை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பாதையில் இடைவெளி, பிளஸ், அட் குறிகள் கூடாது. போக்கி என்ற யாக்டோவின் மாதிரித் தொகுப்பை ஸ்கார்த்கேப் கிளையில் குளோன் செய்து, டவுன்லோட்ஸ் (பதிவிறக்கிய மூலநிரல்), எஸ்ஸ்டேட் (கட்டி முடித்தவற்றின் சேமிப்பு) இரண்டையும் பில்ட் கோப்புறைக்கு வெளியே வையுங்கள். அவற்றின் பாதைகளை லோக்கல் கான்ஃப் கோப்பில் டிஎல்_டிர், எஸ்ஸ்டேட்_டிர் என்ற மாறிகளில் கொடுக்க வேண்டும். பில்ட் கோப்புறையை எத்தனை முறை அழித்தாலும் இவை பிழைத்திருக்கும். நேற்று மூன்று மணிநேரம் எடுத்த வேலை இன்று சில நிமிடங்களில் முடிவது எஸ்ஸ்டேட்டின் புண்ணியம். வட்டு சிறியதா? அதே கோப்பில் ஆர்எம்_வொர்க் என்ற கிளாஸை இன்ஹெரிட் செய்யுங்கள். ஒவ்வொரு ரெசிப்பியும் முடிந்ததும் அதன் விரித்து வைத்த மூலநிரலைத் துடைத்துவிடும். நீங்கள் நோண்டிக்கொண்டிருக்கும் ரெசிப்பியை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

இனி ரேம். கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டிய விஷயம். பில்ட் பாதியில் நின்று, லாகில் 'சிசி1பிளஸ் கில்ட்' என்று ஒரு வரி இருந்தால், கம்பைலரில் குறையில்லை. நினைவகம் போதாமல் கெர்னல் அதைக் கொன்றிருக்கிறது. கெர்னலின் பதிவைக் காட்டும் டிமெசெக் ஓட்டினால் சாட்சி கிடைக்கும். காரணம் பெருக்கல் கணக்கு. பிபி_நம்பர்_த்ரெட்ஸ் என்ற மாறி எத்தனை ரெசிப்பி வேலைகள் ஒரே நேரத்தில் என்பதைச் சொல்கிறது, பேரலல்_மேக் ஒவ்வொன்றுக்குள்ளும் எத்தனை கம்பைலர் என்பதை. இரண்டுமே இயல்பாகக் கோர் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளும். எட்டு கோர் என்றால் மோசமான நேரத்தில் 64 கம்பைலர்கள் வரை கூடிவிடலாம். கனமான சி++ கோப்பு ஒன்றுக்கே 1, 2 ஜிபி போய்விடும். 16 ஜிபி ரேம் உள்ள கணினியில் இரண்டையும் நான்காகக் குறையுங்கள். நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் இரவு முழுக்க ஓடி முடியும்.

முதல் இலக்கு க்யூஎமு ஆர்ம்64 (கணினிக்குள்ளேயே ஓடும் போலி ஆர்ம் கருவி), இமேஜின் பெயர் கோர் இமேஜ் மினிமல். போர்டை அப்புறம் பார்க்கலாம். அதை எழுப்பும் ரன்க்யூஎமு கட்டளைக்கு நோகிராஃபிக், ஸ்லிர்ப் இரண்டையும் கொடுத்தால் சூடோ கேட்காது. ரூட் என்று நுழையலாம், கடவுச்சொல் இல்லை. வெளியேற கன்ட்ரோல்-ஏ, பிறகு எக்ஸ்.

அது எழுந்த பிறகு ராஸ்பெர்ரி பை 4-க்குப் போங்கள். மெட்டா ராஸ்பெர்ரிபை லேயரும் ஸ்கார்த்கேப் கிளையிலேயே இருக்க வேண்டும். மாஸ்டர் கிளையை எடுத்தால் லேயர் பொருந்தவில்லை என்று பிட்பேக் மறுத்துவிடும். எனேபிள்_யுஆர்ட் மாறிக்கு 1 கொடுக்க மறந்தால் போர்டின் செய்திகளைக் கணினிக்குக் கொண்டுவரும் சீரியல் இணைப்பில் ஒரு எழுத்தும் வராது. எஸ்டி கார்டில் எழுதும் முன், வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே ஓட்டி எது கார்டு, எது உங்கள் எஸ்எஸ்டி என்று இருமுறை பாருங்கள்.

சீரியல் கேபிளுக்கு ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்குப் போங்கள். சிம் லிம் ஸ்குவேர் இல்லை, டவர். 3.3 வோல்ட் யுஎஸ்பி-டிடிஎல் என்று கேட்டு வாங்குங்கள். 5 வோல்ட் சிக்னல் ராஸ்பெர்ரி பையின் பின்னைக் கெடுத்துவிடும். கேபிளின் கிரவுண்ட் போர்டின் 6-ஆம் பின்னில், ஆர்எக்ஸ் (பெறும் கம்பி) 8-ஆம் பின்னில், டிஎக்ஸ் (அனுப்பும் கம்பி) 10-ஆம் பின்னில். மின்சாரம் தரும் சிவப்புக் கம்பியை எதிலும் செருகாமல் தொங்கவிட்டுவிடுங்கள். வேகம் 115200.

உபுண்டு 22.04-இல் சிஎச்340 சிப் கொண்ட கேபிளைச் செருகியதும் போர்ட் தோன்றி உடனே மறைந்தால், பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் அதைத் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டிருக்கிறது. உங்களுக்குப் பிரெய்ல் திரை தேவையில்லை என்றால் அந்தப் பொதியை நீக்கிவிடுங்கள். போர்ட் இருந்தும் அனுமதி மறுக்கப்பட்டால், டயலவுட் குழுவில் உங்களைச் சேர்த்து, வெளியேறி மறுபடி நுழையுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் திரை வெறிச்சென்று கிடந்தால், 8-ஐயும் 10-ஐயும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள்.