ஒரு வரி விடைகளுக்குப் பின்னால்

அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு நேர்காணலில் கேட்கும் வரலாறு, அரசாங்கம் பற்றிய அந்தக் கேள்விப் பட்டியல் நன்றாகத் தெரிந்திருக்கும். நான் நேர்காணலுக்குப் போன காலத்தில் 100 கேள்விகள். அவற்றில் 10 வரை அதிகாரி கேட்பார்; ஆறுக்குச் சரியாகச் சொன்னால் போதும். (2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 கேள்விகள், 20 கேட்டு 12க்கு விடை வேண்டும்.) விடைகளும் பட்டியலிலேயே இருப்பதால் பஸ்ஸில் போகும்போதே படித்து முடித்துவிடலாம். ஆனால் ஒரு நாட்டின் வரலாறு முழுவதற்கும் ஒரு வரி விடை இருக்கிறது என்பது எனக்கு உறுத்தியது. மூல ஆவணங்களையே படித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். யேல் சட்டக் கல்லூரியின் அவலான் தொகுப்பிலும், தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்திலும் பெரும்பாலானவை இலவசமாகக் கிடைக்கின்றன.

முதலில் 1776இன் சுதந்திரப் பிரகடனம். மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற வரியைத் தாண்டிப் படித்தவர்கள் குறைவு. விஷயம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர்மீது வரிசையாக 27 குற்றச்சாட்டுகள், வக்கீல் நோட்டீஸ் போல. எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் வழக்கறிஞர்தானே! ஒரு நோட்டில் இடப்பக்கம் குற்றச்சாட்டுகளை எழுதி, 1787இல் பிலடெல்பியாவில் உருவான அரசமைப்புச் சட்டத்தில் அதற்கு என்ன பரிகாரம் செய்தார்கள் என்று தேடி வலப்பக்கம் குறித்துக்கொண்டே போனேன். எனக்கு எந்தப் பாடநூலும் இந்த அளவுக்கு உதவியதில்லை.

நீதிபதிகளின் பதவியும் சம்பளமும் மன்னரின் விருப்பத்தை மட்டுமே நம்பி இருந்தன என்பது ஒரு புகார். அரசமைப்பின் மூன்றாம் பிரிவு, நன்னடத்தை உள்ளவரை நீதிபதிகள் பதவியில் இருப்பார்கள், அவர்களது ஊதியத்தைக் குறைக்கக் கூடாது என்கிறது. சமாதான காலத்திலும் எங்கள் சட்டமன்றங்களைக் கேட்காமல் படைகளை நிறுத்தினார் என்பது இன்னொன்று. அதற்கு, ராணுவத்துக்கான நிதி ஒதுக்கீடு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது என்று முதல் பிரிவில் ஒரு கடிவாளம். வீடுகளில் சிப்பாய்களைத் தங்கவைத்த கோபம் மூன்றாம் திருத்தமாயிற்று. அதை முதலில் தனியாகப் பார்த்தபோது, இதற்கெல்லாம் ஒரு திருத்தமா என்று சிரிப்பு வந்தது. புகாரின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வராது.

சில வரிகளுக்கு வலப்பக்கம் வெறுமையாகவே நின்றது. கடைசிக் குற்றச்சாட்டு பூர்வகுடிகளை இரக்கமற்ற காட்டுமிராண்டிகள் என்கிறது. சமத்துவத்தைப் பேசிய அதே தாளில்தான்.

அரசமைப்புச் சட்டம் வெறும் ஏழு பிரிவுகள். நம் 395 பிரிவுகளோடு வளர்ந்தவனுக்கு இது ஒரு மாலைநேர வாசிப்பு. இருக்கும் என்று நினைத்த பலவும் அதில் இல்லை. அரசியல் கட்சி என்ற பேச்சே கிடையாது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை நீதிமன்றம் செல்லாதென்று அறிவிக்கலாம் என்று வெளிப்படையாக எழுதியிருக்கவும் இல்லை. அதை 1803இல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் நிலைநாட்டினார்.

ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் மொத்தம் 85. புதிய அரசமைப்பை ஏற்கச் சொல்லி ஹாமில்டன், மாடிசன், ஜே மூவரும் பப்ளியஸ் என்ற ஒரே புனைபெயரில் நியூயார்க் பத்திரிகைகளில் எழுதியவை. பல கட்டுரைகள் கொட்டாவி வரவழைக்கின்றன என்பதைச் சொல்லிவிடுவதே நேர்மை. 10, 51, 78 ஆகிய மூன்றை மட்டும் பென்சிலோடு, வாய்விட்டு நிதானமாகப் படித்தால் போதும். ஆனால் எதிர்த்தரப்பில் புரூட்டஸ் என்ற புனைபெயரில் எழுதியவரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நீதிபதிகளைக் கட்டுப்படுத்த யாருமே இருக்க மாட்டார்கள் என்று அவர் எச்சரிக்கிறார். 78ஆம் கட்டுரையில் ஹாமில்டன், நீதித்துறையிடம் வாளும் இல்லை, பணப்பையும் இல்லை, அரசின் மூன்று துறைகளில் அதுவே பலவீனமானது என்று சமாதானம் சொல்கிறார். இன்றைய உச்ச நீதிமன்றத்தைப் பார்க்கும்போது, எனக்கென்னவோ புரூட்டஸின் பக்கமே கனமாகத் தெரிகிறது.

நான் படித்த பட்டியலில், உள்நாட்டுப் போருக்கு வித்திட்ட ஒரு பிரச்சினையைக் கூறுக என்று ஒரு கேள்வி உண்டு. அடிமைமுறை, பொருளாதாரக் காரணங்கள், மாநில உரிமைகள் ஆகிய மூன்றில் எதைச் சொன்னாலும் மதிப்பெண். பிரிந்துபோன தென் மாநிலங்களே என்ன காரணம் சொன்னார்கள் என்று தேடினேன். மிசிசிப்பியின் 1861 அறிக்கை, எங்கள் நிலைப்பாடு அடிமைமுறையோடு முற்றிலும் பிணைந்தது என்று இரண்டாவது வாக்கியத்திலேயே போட்டு உடைக்கிறது. தென் கரோலினாவின் 1860 டிசம்பர் அறிக்கை இன்னும் விசேஷம். தப்பியோடிய அடிமைகளைத் திருப்பி அனுப்பாமலிருக்க வட மாநிலங்கள் தனிச் சட்டம் போட்டுக்கொள்கின்றன என்று, பெயர் பெயராக அது குற்றம் சாட்டுகிறது. அதாவது, பிற மாநிலங்கள் தம் உரிமையைப் பயன்படுத்தியதே இவர்களின் குறை. இதைப் படித்த பிறகு அந்தக் கேள்விக்கு மூன்று விடைகளைச் சமமாக வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நேர்காணலில் அது வந்தால் என்ன சொல்வதென்று தயாராக இருந்தேன், வரவில்லை.

என்னை அதிக நேரம் பிடித்து வைத்தது, நோட்டில் எழுதிய ஏழாவது குற்றச்சாட்டு. வெளிநாட்டவர் குடியுரிமை பெறும் சட்டங்களுக்கு மன்னர் முட்டுக்கட்டை போடுகிறார் என்பதுதான் அது! வலப்பக்கம் எளிதில் நிரம்பியது: குடியுரிமைக்கு நாடு முழுவதற்கும் ஒரே விதி வகுக்கும் அதிகாரத்தை முதல் பிரிவு நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. அந்த அதிகாரத்தைக் கொண்டு 1790இல் வகுத்த விதியோ, சுதந்திரமான வெள்ளையருக்கு மட்டும் என்றது. 1870இல் ஆப்பிரிக்க வம்சாவளியினரைச் சேர்த்தார்கள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் எந்தப் பக்கமும் இல்லை.

ஜப்பானில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை கேட்ட தகாவோ ஓசாவாவின் வழக்கில் 1922 நவம்பரில் தீர்ப்பு வந்தது. வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர், நீங்கள் அப்படியல்ல என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஜார்ஜ் சதர்லாந்து எழுதினார். மூன்று மாதம் கழித்து, முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்த இந்தியரான பகத் சிங் திந்தின் வழக்கு வந்தது. மானுடவியலாளர் கணக்குப்படி நான் காக்கேசியன்தான் என்றார் திந்த். அதே சதர்லாந்து, அறிவியல் கணக்கு வேண்டாம், சாதாரண மனிதன் யாரை வெள்ளையர் என்று கருதுகிறானோ அதுவே அளவுகோல் என்று மாற்றிக்கொண்டார். சதர்லாந்து இங்கிலாந்தில் பிறந்து குடியேறியவர்.

திந்த் தரப்பின் வாதமும் எனக்கு இனிக்கவில்லை. அவர் உயர்சாதிக்காரர், ஆரியர், கலப்பில்லாதவர் என்பதே அதன் அடித்தளம். அவர் வென்றிருந்தாலும் என் போன்ற ஒரு தமிழனுக்கு அந்தக் கதவு திறந்திருக்காது. இந்தியர்களுக்கு அது திறந்தது 1946இல், லூஸ்–செல்லர் சட்டத்தால்; அப்போதும் குடியேற்ற அனுமதி ஆண்டுக்கு 100 பேருக்குத்தான்.

இந்த இரண்டு தீர்ப்புகளும் கேள்விப் பட்டியலில் இல்லை. இரண்டும் நீளம் குறைவு, மொழியும் கடினமில்லை. விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் ஓசாவாவை முதலில் படியுங்கள். சூடு ஆறுவதற்குள் திந்த் தீர்ப்பை எடுங்கள்.