இன்னும் ஏற்றப்படாத டிஎல்எல்லில் பிரேக்பாயிண்ட்: விண்டிபக்கில் செய்து பார்த்தவை

பொழுதுபோக்காக நான் எழுதிவரும் படம் பார்க்கும் செயலி, ஒவ்வொரு கோப்பு வகைக்கும் உரிய டிஎல்எல்லை (தனிக் கோப்பாக இருந்து செயலியோடு சேரும் நிரல் நூலகம்) அவ்வகைக் கோப்பு திறக்கப்படும்போதுதான் லோட்லைப்ரரி மூலம் ஏற்றிக்கொள்ளும். செயலி ஓர் இடத்தில் நிற்கும்படி பிரேக்பாயிண்ட் வைப்பது என்றால், அந்த இடத்துக் கட்டளையின் முதல் பைட்டை எடுத்துவிட்டு, நிறுத்தக் கட்டளையைக் குறிக்கும் பதினாறடிமான எண்ணான சிசி-யை டிபக்கர் (ஓடும் செயலியை நிறுத்தி ஆராயும் கருவி; நான் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்டின் விண்டிபக்) அங்கே எழுதுகிறது என்று பொருள். டிஎல்எல்லே நினைவகத்துக்கு வராத நிலையில் எழுதுவதற்கு இடம் ஏது?

படக் கோப்பைப் பிரித்துப் படிக்கும் டிகோடர் டிஎல்எல்லின் ஒரு ஃபங்ஷன் பெயரை, பிரேக்பாயிண்ட் வைக்கும் பிபி கட்டளைக்குக் கொடுத்தபோது, முகவரி கிடைக்காததால் விண்டிபக் அதைத் தானாகவே, டிஎல்எல் வரும்வரை காத்திருக்கும் பியு வகையாக மாற்றிக்கொண்டது. வைத்த பிரேக்பாயிண்டுகளைக் காட்டும் பிஎல் பட்டியலில், இயக்கத்தில் உள்ளதைக் காட்டும் 'இ' எழுத்தோடு, இன்னும் தீர்வாகாததைக் காட்டும் 'யு' எழுத்தும் நின்றது. படத்தைத் திறந்ததும், டிஎல்எல் நினைவகத்தில் பொருத்தப்பட்ட செய்தி விண்டோஸிலிருந்து டிபக்கருக்கு வருகிறது. டிஎல்எல்லின் தொடக்க ஃபங்ஷனான டிஎல்எல்மெயின் ஓடத் தொடங்காத அந்த இடைவெளியில் செயலி முழுவதும் நிற்க, டிபக்கர் பெயரை முகவரியோடு பொருத்தி சிசி-யை எழுதிவிடுகிறது. எனவே டிஎல்எல்மெயினிலேயே பியு வைத்தாலும் அது தவறாமல் நிற்கிறது.

பிபி, பியு ஆகிய இரு வகைகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு, டிஎல்எல்லை இறக்கும் ஃப்ரீலைப்ரரிக்குப் பிறகுதான் தெரிகிறது. இதைச் சோதிக்கவே, டிஎல்எல்லை ஏற்றி இறக்கியபின் அது இருந்த முகவரியை, நினைவகத்தை ஒதுக்கும் விர்ச்சுவல்அலாக் கொண்டு பிடித்துவைத்து, மறுபடியும் ஏற்றும் ஒரு சிறு நிரலை எழுதினேன். முதல் முறை ஏற்றப்பட்ட பிறகு வைத்த பிபி, டிஎல்எல் இறங்கியதும் பட்டியலிலிருந்தே நீங்கிவிட்டது. பியு மட்டும் மீண்டும் 'யு' நிலைக்குத் திரும்பிக் காத்திருந்து, டிஎல்எல் வேறு முகவரிக்கு வந்தபோது அங்கேயே போய் நின்றது. இப்படித் தேவைப்படும்போது டிஎல்எல்லை ஏற்றும் பிளகின் முறையில் எழுதுபவர்கள் தொடக்கத்திலிருந்தே பியு-வைப் பயன்படுத்துவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

பெயரைக் கொடுக்கும்போது, டிஎல்எல்லின் பெயர், ஆச்சரியக்குறி, ஃபங்ஷன் பெயர் என்ற வரிசையில் முழுமையாகக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிதாக வரும் ஒவ்வொரு டிஎல்எல்லின் சிம்பல்களிலும் (பெயர்களையும் அவற்றின் முகவரிகளையும் தரும் தகவல்) டிபக்கர் தேட நேரிடும். ஏற்றப்பட்ட பின்னும் 'யு' நீங்காமலிருந்தால், சிம்பல்கள் அடங்கிய பிடிபி கோப்பு அந்த டிஎல்எல்லுக்கு உரியதுதானா என்று பார்க்க வேண்டும், ஏனெனில் இரண்டிலும் பதிந்துள்ள ஜியுஐடி என்ற தனி அடையாள எண் ஒத்துப்போகாத பிடிபியை விண்டிபக் இயல்பாக ஏற்பதில்லை.

ஃபங்ஷனின் பெயரே தெரியாத டிஎல்எல்லுக்கு எஸ்எக்ஸ்இ எல்டி என்ற கட்டளை உதவுகிறது. ஏற்றப்படும் கணத்திலேயே செயலியை நிறுத்திவிடுவதால், எக்ஸ் கட்டளையில் நட்சத்திரக் குறியிட்டுப் பெயர்களைத் தேடி, வேண்டிய இடத்தில் பியு வைத்துக்கொள்ள முடிந்தது. அடுத்ததாக, இறக்கப்படும்போது நிறுத்தும் எஸ்எக்ஸ்இ யுடி-யைக் கொண்டு, என் செயலியில் ஃப்ரீலைப்ரரி எந்தெந்த இடங்களிலிருந்து அழைக்கப்படுகிறது என்பதைத் தடம்பிடிக்க இருக்கிறேன்.