எட்டு என்ற டார்கெட்

ஜூன் 9, 2025, திங்கள்
அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்குப் போட்ட சொத்து வரம்பை அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் போன வாரம் எடுத்துவிட்டது. 2018 பிப்ரவரியில் வந்த தடை அது: வங்கியின் மொத்தச் சொத்து சுமார் 1.95 லட்சம் கோடி டாலரைத் தாண்டி வளரக் கூடாது. காரணம், ஊழியர்கள் திறந்த போலிக் கணக்குகள் போன்ற முறைகேடுகள். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் திறந்த கணக்குகள் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று 2017இல் வங்கியே சொன்னது. நன்னடத்தை விதிகள், ரகசியப் புகார் எண் எல்லாம் அங்கே முன்பே இருந்தவைதான்.

ஜூன் 11, புதன்
அப்போதைய தலைமை நிர்வாகி ஜான் ஸ்டம்ப் வலியுறுத்திய இலக்கு, ஒவ்வொரு வீட்டுக்கும் எட்டு வங்கிச் சேவைகளை விற்பது. ஏன் எட்டு? ஆங்கிலத்தில் 'எய்ட்' என்பது 'கிரேட்' என்ற சொல்லோடு ஒத்து ஒலிக்கிறது என்று 2010 ஆண்டறிக்கையில் அவரே எழுதினார். சந்தையைப் பார்த்துப் போட்ட கணக்கு இல்லை, ஒரு கோஷம்.

அது வட்டார மேலாளர் வழியாகக் கிளைக்கு இறங்கும்போது தினசரி எண்ணாகிவிடும். கிளைகளைத் தரவரிசைப்படுத்துவார்கள். ஜனவரியில் தனிப் பிரசாரம், டார்கெட் இன்னும் கூடும். கவுன்டரில் இருப்பவர் என்ன செய்வார்? பழைய கணக்கிலிருந்து கொஞ்சம் பணத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றுவார். பழையதில் இருப்பு குறைந்து வாடிக்கையாளர் கட்டணம் கட்டுவார். மின்னஞ்சல் பொய், பின் நம்பர் ஊழியரே போட்டது.

தணிக்கையில் பிடிக்க: திறந்தபின் நடமாட்டமே இல்லாத கணக்குகள், போன வேகத்தில் திரும்பிய தொகை, பலருக்கும் ஒரே மாதிரி மின்னஞ்சல், மாதக் கடைசி நாட்களின் திடீர் ஏற்றம். இவை தனித்தனியாகச் சாதாரணம். ஒரே ஊழியர் எண்ணில் சேர்ந்து வந்தால் விடக் கூடாது.

ஜூன் 14, சனி
சுமார் 5,300 பேரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். பெரும்பாலும் கீழ்மட்டத்தினர். சில தனிநபர்களின் தவறு என்பதே மேலிடத்தின் பார்வை. 2017 ஏப்ரலில் இயக்குநர் குழுவின் அறிக்கை அதைத்தான் குறை சொன்னது. ஆள் போனார், டார்கெட் இருந்தது, அடுத்தவரும் அதையே செய்தார். 18.5 கோடி டாலர் அபராதம் வந்தது 2016 செப்டம்பரில். அக்டோபரில்தான் விற்பனை இலக்குகளை எடுத்தார்கள், ஸ்டம்ப்பும் பதவி விலகினார்.

ஒரு நிறுவனத்துக்குள் போனால் கொள்கைப் புத்தகத்தைக் கடைசியில் பாருங்கள். முதலில் ஊக்கத்தொகைப் பட்டியல், காலைக் கூட்டத்தில் கேட்கும் முதல் கேள்வி. பிறகு புகார்ப் பதிவேடு: புகார் கொடுத்தவர் ஆறு மாதம் கழித்து எந்த இருக்கையில் இருக்கிறார் என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் வாங்குங்கள்.