சொட்டு நின்றால்

கடலூர் - புதுச்சேரி சாலையில் அடிபட்டு வருபவருக்கு, பி.பி. இறங்கினால் சலைன் ஏற்று, ஏறவில்லையா, இன்னும் ஏற்று. அவசர சிகிச்சைப் பிரிவான கேஷுவாலிட்டியில் டாக்டராகச் சேர்ந்த புதிதில் எனக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஒரு இரவு, கிருமாம்பாக்கம் பக்கம் லாரி மோதிய இளைஞர். இடுப்பெலும்பு உடைந்து, பி.பி. 70. இரண்டு கையிலும் சாம்பல் நிற வென்ஃப்ளான் (சலைன் வேகமாக ஓடும் தடித்த ஊசிக்குழாய்) போட்டு நான்கு லிட்டர் ஓடவிட்டேன். 110 வந்ததும் எனக்கு உயிர் வந்தது. அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. முழங்கைக் காயத்தின் கட்டு மறுபடி நனைந்தது. ரத்தம் வெளுத்து, தண்ணீராய் இருந்தது. ஊசி குத்திய இடமெல்லாம் கசிந்தது. கையைத் தொட்டால் சில்லென்றிருந்தது. ஏசி அறையில் கிடந்த பாட்டில்களை அப்படியே உடம்புக்குள் விட்டிருக்கிறேன்! விடியுமுன் போய்விட்டார்.

சலைனால்தான் இறந்தார் என்று சொல்லமாட்டேன், அடி பெரியது. ஆனாலும் உப்புநீருக்கு ஆக்சிஜன் சுமக்கத் தெரியாது. அழுத்தம் சட்டென்று ஏறினால் அப்போதுதான் பிடித்த ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். உறையவைக்கும் பொருட்கள் நீர்த்துப்போகும். உடம்பு குளிர்ந்தால் உறைவது இன்னும் கெடும். ஹூஸ்டனில் குண்டும் கத்தியும் பாய்ந்தவர்களிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளியானது. அறுவை அரங்கு வரை சலைனைத் தள்ளிப்போட்டவர்களில் 70 சதவீதம் பிழைத்தார்கள், உடனே ஏற்றியவர்களில் 62. நம் சாலை அடி வேறு வகை, அப்படியே பொருத்த முடியாது. ஆனால் விபத்துக் காயங்களைக் கையாள டாக்டர்களுக்குத் தரும் ஏடிஎல்எஸ் பயிற்சியில், முதலில் ஏற்றச் சொன்ன பழைய 2 லிட்டர்கூட 2018 பதிப்பில் 1 லிட்டராகிவிட்டது.

இப்போதெல்லாம் முதலில் படுக்கைவிரிப்பால் இடுப்பை இறுக்கிக் கட்டுகிறோம். அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் வந்திருந்தால், ரத்தக்கட்டி கரையாமல் காக்கும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம். கூடவே ரத்த வங்கிக்குப் போன். ஆள் தெளிவாகப் பேசி, மணிக்கட்டில் நாடி கிடைத்தால், மேல் பி.பி. 80, 90 போதும். தலையில் அடி இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. மூளைக்கு ரத்தம் போக வேண்டும், 110க்குக் கீழே விடுவதில்லை.

கடினம் வேறிடத்தில். சலைன் குழாயின் ரோலரை உருட்டி மூடியதும் சொந்தக்காரர்கள் முகம் மாறும். சொட்டு நின்றால் வைத்தியமே நின்றதாக அவர்களுக்குப் படும். அந்தப் பயம் நியாயமானது.

"பாட்டில் தீந்துபோச்சா மேடம்? வெளிய வாங்கியாரட்டுமா?" என்று போன மாதம் ஒரு தாய் கேட்டார்.

"சலைன் போதும்மா, இப்ப ரத்தம்தான் வேணும். கூட யாரு வந்திருக்காங்க?"

வாசலில் நின்ற மூன்று பையன்கள் சட்டைக்கையை மடித்துக்கொண்டே ரத்த வங்கிப் பக்கம் ஓடினார்கள்.